எல்லைக் கம்பி – 14: இரண்டா, மூன்றா

இசைத் தொகுப்பின் வெளியீடு மதியம் இரண்டு மணிக்கு. காலை எட்டுக்கே அம்மாவின் சமையலறை மேசையில் அட்டை உறைகள் மூன்று அடுக்காக நின்றன.

ஊர்த் தீயணைப்புக் குழுவின் கேப்டன் டாரில் வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். உட்கார இடமில்லை. நாற்காலிகளிலும் உறைகள்.

"தரை காலியாத்தான் இருக்கு, கேப்டன்," என்றாள் அவன் தங்கை இல்சே. தலை நிமிரவில்லை. ஒவ்வோர் உறைக்குள்ளும் ஒரு சீட்டைச் செருகிக்கொண்டிருந்தாள்.

உறைக்குள் இசைத்தட்டு கிடையாது. சீட்டில் ஓர் எண் இருக்கும். அதைக் கணினியில் அடித்தால் இசை இறங்கும். தட்டே இல்லாத உறையை வாங்க இந்தக் கொண்டாரி ஊரில் ஆள் உண்டா என்று டாரில் ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். உண்டு. இருநூறு உறைகளுக்குப் பெயர் கொடுத்துவிட்டார்கள். ஊரின் மொத்த ஜனமே நூற்று எழுபது.

ஜனவரிக் காட்டுத்தீ நடந்து ஐந்து மாதம். கொண்டாரியின் ஒரே தீயணைப்பு வண்டி அதில் எரிந்தது. எழுநூறு ஆடுகள் எரிந்தன. அப்பா, கிளெம் ஷிர்மர், திரும்பி வரவில்லை. எல்லை வேலியின் மேற்குக் கோடியில், சாம்பலுக்குள், அவருடைய பெல்ட்டின் பித்தளைக் கொக்கி மட்டும் கிடைத்தது. எலும்பு என்று சொல்ல எதுவும் இல்லை. கையில் வைத்திருந்த கட்டிங் பிளேயரும் கிடைக்கவில்லை.

இல்சே அடிலெய்டில் செல்லோ வாசித்துக்கொண்டிருந்தவள். இறுதி மரியாதைக்கு வந்தாள், திரும்பிப் போகவில்லை. புது வண்டிக்காக ஊர் கேக் விற்றது, கடா ஏலம் விட்டது. இல்சே தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். தந்திக் கருவி வாசிக்கும் பத்துப் பேருக்கு எழுதினாள். ஆளுக்கு ஒரு இசைத்துண்டு, இலவசமாக. பத்துப் பேரும் கொடுத்தார்கள். அவளோடு பதினொன்று.

எதிலும் மெட்டு கிடையாது. ஒருத்தி வயலினைக் கவிழ்த்து அதன் முதுகில் வில்லை இழுத்திருந்தாள். நியூசிலாந்துக்காரர் ஒருவர் காலித் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி நின்று வாசித்திருந்தார். டாரில் முதல் மூன்றைக் கேட்டான். கேட்டுவிட்டு, அந்தக் கதவுக் கீலுக்கு எண்ணெய் விடலாமே என்றான்.

பதினொன்றில் மூன்று, ஷிர்மர் குடும்பத்தின் எல்லைக் கம்பியில் எடுத்தவை.

தீயில் வெந்த கம்பி வேலிக்கு உதவாது. பதம் போய்விடும். பழையதை டாரில் சுருட்டி எடுத்தான். புதிய இரும்புக் கம்பங்களின் தலைவழியே இல்சே ஒற்றைக் கம்பி ஒன்றைக் கிழக்குக் கோடியிலிருந்து மேற்குக் கோடிவரை இழுத்துக் கட்டினாள். ஒன்றரைக் கிலோமீட்டர். ஒரு முழுச் சுருள். நடுவில் முடிச்சே இல்லை. காற்றடித்தால் அது பாடும். வில்லை வைத்தால் அலறும். ஹோபார்ட்டிலிருந்தும் மெல்போர்னிலிருந்தும் ஆட்கள் வந்து அதன்முன் மண்டியிட்டு வாசித்துவிட்டுப் போனார்கள். ஆடுகளுக்குப் பழகிவிட்டது. டாரிலுக்குப் பழகவில்லை.

தொலைபேசி அடித்தது. ஹோபார்ட்டிலிருந்து பிரையோனி. பதினொன்றையும் ஒன்றாகக் கோத்தவள் அவள்தான். மே மாதம் அவளும் வந்து கம்பியில் வாசித்திருந்தாள். இல்சே ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் செருகுவதைத் தொடர்ந்தாள்.

எல்லாம் ஏற்றியாகிவிட்டது, இரண்டு மணிக்குத் தானாகத் திறந்துகொள்ளும் என்றாள் பிரையோனி. ஒரே ஒரு சந்தேகம். வேலியில் எடுத்த மூன்றிலும் தட்டும் சத்தங்கள் கேட்கின்றன. உலோகத்தில் உலோகம். ஏப்ரலில் இல்சே வாசித்ததில், மே மாதம் தான் வாசித்ததில், போன ஞாயிறு மெல்போர்ன்காரர் வாசித்ததில். வாசிக்கும்போது யார் காதிலும் விழவில்லை. கம்பியைக் கவ்விய மைக்கில் மட்டும் விழுந்திருக்கிறது. யாராவது திட்டம் போட்டுச் செய்தீர்களா?

"என் காதுல விழுந்துச்சு," என்றாள் இல்சே, மெதுவாக.

டாரில் அவளைப் பார்த்தான். அவள் செருகுவதை நிறுத்தியிருந்தாள்.

பிரையோனி மூன்றையும் வரிசையாகப் போட்டுக் காட்டினாள். முதலாவதில், கம்பியின் நீண்ட முனகலுக்கு நடுவே, விசில் ஒன்று கிணற்றுக்குள் விழுவதுபோல ஒரு சத்தம். உடனே இன்னொன்று. இரண்டு. மே மாதத்தியதிலும் இரண்டு. ஆனால் விசில் பாதியாகக் குறைந்திருந்தது. கடைசியில் விசிலே இல்லை. டிக், டிக், டிக். அவ்வளவுதான். மூன்று.

டாரிலின் வலதுகை தானாக மேசை விளிம்பைப் பிடித்தது.

ஷிர்மர் வீட்டில் வேலி கட்டும்போது யாரும் கத்துவதில்லை. ஒன்றரைக் கிலோமீட்டருக்குக் குரல் எட்டாது; கம்பி எட்டும். ஒரு முனையில் நிற்பவர் கட்டிங் பிளேயரால் தட்டுவார். மறுமுனையில் நிற்பவர் கம்பியில் கைவைத்துக் காத்திருப்பார். ஒரு தட்டு என்றால், அங்கேயே நில். இரண்டு என்றால், இறுக்கு. மூன்று என்றால், முடிந்தது, வந்து கூட்டிக்கொண்டு போ. அம்மாவுக்கும் இது தெரியும். முப்பத்தொன்பது வருடம் ஒரு முனையில் நின்றவள் அவள்.

அப்புறம் அழைப்பதாகச் சொல்லி இல்சே தொலைபேசியை வைத்தாள்.

"ஏப்ரல்ல ஹெட்போன் போட்டுட்டு கிழக்குக் கம்பத்துல உக்காந்திருந்தேன்," என்றாள். "ரெண்டு தட்டு விழுந்துச்சு. எந்திரிச்சுப் போய் இறுக்குச் சக்கரத்துல ரெண்டு பல்லு ஏத்திட்டு வந்து உக்காந்துட்டேன். கை அதுவாப் போச்சு. உக்காந்ததுக்கு அப்புறம்தான், அந்தப் பக்கம் யாருமே இல்லியேன்னு உறைச்சுது."

"சொல்லவே இல்ல?"

"உங்கிட்டயா? எனக்குக் கிறுக்குன்னு ஏற்கெனவே ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்க."

அவளுடைய இசையில் நான்காம் நிமிடத்தில் சுருதி மெல்ல ஏறும். தொகுப்பிலேயே அதுதான் உச்சம் என்று பிரையோனி அறிமுகக் குறிப்பில் எழுதியிருந்தாள்.

இல்சே ஓர் உறையின் பின்பக்கத்தில் கோடு போட்டாள். நீளமான கம்பியில் ஒரு தட்டு விழுந்தால் மெல்லிய சுரம் முந்தி ஓடி வந்துவிடும், தடித்த சுரம் பின்தங்கி வரும் என்றாள். அதனால்தான் அந்த விசில். தட்டு தூரத்தில் விழ விழ விசில் நீளும். பக்கத்தில் விழுந்தால் வெறும் டிக். கோட்டின் மேற்கு நுனியில் ஒரு புள்ளி வைத்தாள். ஏப்ரல். நடுவில் ஒன்று. மே. கிழக்கு நுனிக்குச் சற்று முன்னால் ஒன்று.

"இது போன ஞாயிறு. இருநூறு மீட்டர் இருக்கும்."

இருவரும் அந்த மூன்று புள்ளிகளைப் பார்த்தார்கள்.

ஜனவரியில் அன்று, அப்பாவை மேற்கு வாயிலில் இறக்கிவிட்டது டாரில்தான். பெண்ணாடுகளைத் திறந்துவிட வேண்டும். ரேடியோவில் இரைச்சல் மட்டும்தான். முடிந்ததும் தட்டுகிறேன் என்றார் அப்பா. டாரில் தன் யூட் வண்டியை எடுத்துக்கொண்டு கிழக்கு வாயிலுக்கு வந்தான். கதவைத் திறந்து வைத்தான். கம்பியில் கைவைத்து நின்றான். புகை சூரியனை மூடியது. அப்போது கம்பி துடித்தது. பிறகு அவன் யூட்டில் ஏறி ஊருக்குப் போகும் சாலையைப் பிடித்தான்.

ஒரு தட்டு என்று அம்மாவிடம் சொன்னான். தீயணைப்புக் குழுவிடம் சொன்னான். மரண விசாரணை அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டான். அங்கேயே நில் என்றார் அப்பா, நின்றேன் என்றான்.

விழுந்தது மூன்று.

அந்த ஒற்றைத் தட்டைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா ஐந்து மாதத்தைக் கடந்திருந்தாள். கடைசி நிமிடத்திலும் பிள்ளையைத் தடுத்து நிறுத்தினாரே என்று தபாலாபீசில் சொன்னாள், சர்ச்சில் சொன்னாள். புது வண்டியின் கதவில் பதிக்கப்போகும் தகட்டிலும் அதுதான் இருக்கப்போகிறது.

"அந்தத் தட்டுற சத்தத்தை எடுத்துடச் சொல்லு," என்றான் டாரில். "மூணுலயும். அம்மா கேட்டா தாங்கமாட்டா."

இல்சே மறுப்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். தானும் அதைத்தான் நினைத்தேன் என்றாள். பிரையோனியிடம் இருபது நிமிடம் பேச வேண்டியிருந்தது. அதுதானே இந்தத் தொகுப்பின் உயிர் என்று அவள் வாதாடினாள். பிறகு அரைமனதாக ஒத்துக்கொண்டாள். பதினொரு மணிக்கு, மூன்றையும் துடைத்துவிட்டேன், ஒரு டிக்கூட மிச்சமில்லை என்று செய்தி வந்தது.

டாரில் இரண்டு கோப்பை தேநீர் போட்டான்.

•

பன்னிரண்டு மணிக்குக் கிழக்குக் கம்பத்துக்குப் போனார்கள். தூறல். விதைப்பு முடிந்த வயலில் கோதுமை விரல் உயரத்துக்கு முளைத்திருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் கருகிய யூகலிப்டஸ் புதர்கள். அடியில் மட்டும் பச்சை.

அம்மாவின் ஆசை ஒன்று இருந்தது. வெளியீடு நடக்கும் ஊர் மண்டபத்தில் கடைசி இசை முடிந்ததும், கம்பியையே நேரடியாக இரண்டு நிமிடம் ஊர் கேட்க வேண்டும். வாசிக்க ஆள் வேண்டாம். காற்று போதும். இல்சே பழைய தொலைபேசி ஒன்றைப் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்துக் கம்பத்தில் கட்டினாள். மைக்கின் வாயைக் கம்பியில் கவ்வ விட்டாள். மண்டபத்து ஒலிபெருக்கி இதனோடு பேசும் என்றாள்.

டாரில் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். என்ன காரணம் சொல்வது என்று தெரியவில்லை.

அவள் முடிச்சுகளோடு போராடிக்கொண்டிருக்க, ஆடுகள் தண்ணீர் குடிக்கும் குட்டையை எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினான். வேலியோரமாகவே நடந்தான். ஈர மணல். எது நடந்து போனாலும் தடம் பதியும். கங்காரு ஒன்றின் தடம், வாலோடு. ஆட்டுக் குளம்புகள். நரி. மனிதத் தடம் அவனுடையது மட்டும்தான்.

காலடியை எண்ணிக்கொண்டே போனான். இருநூறுக்கு அருகில் நின்றான். கம்பியைத் தடவினான். துத்தநாகப் பூச்சு மங்கலாக இருந்தது, ஓரிடத்தில் தவிர. அங்கே மூன்று வெட்டுக்காயங்கள். நகக்கண் அளவு. பளபளவென்று, இன்று காலை விழுந்தவைபோல. அருகருகே, ஒரே இடைவெளியில்.

கட்டிங் பிளேயரின் விளிம்பு அப்படித்தான் பதியும்.

எச்சில் தொட்டு அழித்துப் பார்த்தான். பிறகு ஒரு பிடி ஈர மண்ணை எடுத்து அதன்மேல் பூசினான். பூசிக்கொண்டிருக்கும்போதே, ஏன் பூசுகிறேன் என்று நினைத்தான். யார் பார்க்க?

மேற்கே திரும்பினான். கம்பி வெள்ளைக் கோடாகத் தூறலுக்குள் போய் மறைந்தது. அவன் சட்டைப் பையில் தன்னுடைய பிளேயர் இருந்தது. எடுத்தான். தயங்கினான். ஒரு முறை தட்டினான்.

அங்கேயே நில்.

கையைக் கம்பியில் வைத்துக் காத்திருந்தான். காற்றின் அதிர்வு மட்டும் உள்ளங்கையில் ஊர்ந்தது. ஒரு காகம் மூன்று கம்பம் தள்ளி உட்கார்ந்திருந்தது. அது பறந்து போனது. வேறொன்றும் இல்லை.

திரும்பி வந்தபோது இல்சே ஹெட்போனைக் கழுத்தில் போட்டிருந்தாள்.

"நீதான தட்டின?"

"ஆமா. கம்பி டைட்டா இருக்கான்னு பாத்தேன்."

"ஒண்ணுதான தட்டின?"

அவன் தலையாட்டினான். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டப்பாவின் மூடியை அழுத்திச் சாத்தினாள். வண்டியில் ஏறினார்கள். ஏறியபின்தான், இறுக்குச் சக்கரத்தில் நேற்றைவிட ஒரு பல் கூடுதலாக ஏறியிருக்கிறதே, நீ தொட்டாயா என்று கேட்டாள். அவன் இல்லை என்றான். இதுவாவது உண்மை.

•

ஒன்றரைக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. ஊர்க்காரி நோலா வாசலிலேயே மேசை போட்டு ஸ்கோன் ரொட்டி விற்றுக்கொண்டிருந்தாள். ஒவ்வொருவரிடமும், இந்தச் சங்கீதத்தை வயிறு நிறைந்த பிறகு கேட்பதுதான் நல்லது என்று எச்சரித்தாள். தீயணைப்புக் குழுவினர் மஞ்சள் சட்டையில் பின்சுவரோரம் நின்றார்கள். டாரிலும் மஞ்சள் சட்டையில் இருந்தான். ஒலிபெருக்கியின் மின்கம்பி சொருகியிருந்த சுவர்ப்பக்கமாகப் போய் நின்றுகொண்டான்.

அம்மா நீலக் கம்பளிச்சட்டை போட்டிருந்தாள். வெர்னா ஷிர்மர் குட்டையான பெண். மேடை ஏறவில்லை. முன்வரிசை மேசையருகே நின்றே பேசினாள்.

வந்ததற்கு நன்றி சொன்னாள். பதினொரு பேரின் பெயரையும் தாளைப் பார்த்துப் படித்தாள். தனக்கு இந்த இசை புரியவில்லை, ஆனால் தன் மகள் இதை வாசிக்கும்போது சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், அதனால் நல்ல இசைதான் என்றாள். சிரித்தார்கள்.

"கிளெம் அதிகம் பேசுற ஆளில்ல," என்றாள். "கடைசியாவும் பேசல. ஒரே ஒரு தட்டு. அங்கேயே நில்லுடான்னு. அதனாலதான் என் பையன் இங்க நிக்கிறான்."

எல்லோரும் திரும்பி டாரிலைப் பார்த்தார்கள். யாரோ அவன் தோளைத் தட்டினார்கள்.

இரண்டு மணி. அம்மா கணினியில் ஒரு விரலால் அழுத்தினாள். தொகுப்பு உலகத்துக்குத் திறந்தது. கைதட்டினார்கள். பிறகு பதினொன்றிலிருந்தும் சில நிமிடங்கள் ஒலித்தன. வயலினின் முதுகு. தண்ணீர்த் தொட்டி. ஒரு கிழவர் காதுக்கருவியை அணைத்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

இல்சேயின் கம்பி வந்தது. நான்காம் நிமிடத்தில் சுருதி ஏறியது. அதற்கு முன்னால் இருக்க வேண்டிய இரண்டு விசில்கள் இல்லை. மே மாதத்தியதிலும் இல்லை. கடைசியிலும் இல்லை. பிரையோனி நன்றாகத் துடைத்திருந்தாள்.

டாரில் சுவரில் சாய்ந்தான். முதுகில் சட்டை ஒட்டியிருந்தது.

"இனி நம்ம கம்பி," என்றாள் இல்சே. ஒரு பொத்தானை அழுத்தினாள்.

மண்டபம் முழுக்கக் காற்று நிறைந்தது. தாழ்ந்த, அகலமான ரீங்காரம். கண்ணாடி ஜன்னல்கள் லேசாக அதிர்ந்தன. மெட்டு இல்லாததை ஒரு மணி நேரம் பொறுத்திருந்தவர்களும் இதற்குத் தலையைச் சாய்த்தார்கள். இது அவர்களுடைய வேலி. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒரு நிமிடம் போயிருக்கும்.

டிக்.

விசில் இல்லை. வால் இல்லை. மைக்கின் வாயிலேயே தட்டியதுபோல.

அம்மாவின் கண் திறந்தது.

டிக்.

டாரிலின் கை பின்னால் போனது. விரல்கள் மின்கம்பியைக் கண்டுபிடித்தன. இழுத்தான்.

மண்டபம் அமைதியானது. ஒலிபெருக்கிப் பெட்டி பழுதோ என்று யாரோ கேட்டார்கள். நோலா வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள். இல்சே கருவியைப் பார்க்கவில்லை. அண்ணனின் கையைப் பார்த்தாள். அம்மாவும் அதைத்தான் பார்த்தாள்.

"ரெண்டா, மூணா?" என்றாள் அம்மா.

சாதாரணமாகக் கேட்டாள். எத்தனை முட்டை வேண்டும் என்று கேட்பதுபோல.

இரண்டு என்று சொல்லிவிடலாம். மண்டபத்தில் நூற்றைம்பது பேர் கேட்டது இரண்டுதான். அதற்குமேல் எவராலும் எதையும் சொல்ல முடியாது. டாரில் வாயைத் திறந்தான்.

"தெரியல," என்றான். "நான் இழுத்துட்டேன்."

"எதுக்கு?"

அம்மா காத்திருந்தாள். கம்பியில் கைவைத்துக் காத்திருக்கத் தெரிந்தவள்.

"அன்னைக்கு மூணும்மா," என்றான். "ஒண்ணு இல்ல. மூணு விழுந்துச்சு. நான் போகல."

அவன் தோளைத் தட்டியவர் தன் கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். இல்சேயின் முகத்தில் இருந்த நிறம் வடிந்தது. காலையில் ஏன் துடைக்கச் சொன்னான் என்பது அவளுக்கு இப்போது புரிந்திருக்கும்.

அம்மா மேசையிலிருந்த தாளை இரண்டாக மடித்தாள். மறுபடி மடித்தாள்.

"சொருகு," என்றாள்.

அவன் சொருகினான்.

ரீங்காரம் திரும்பி வந்தது. ஆனால் அதே ரீங்காரம் இல்லை. இறங்கிக்கொண்டிருந்தது. மெல்ல, படிப்படியாக. ஒவ்வொரு படிக்கும் முன்னால் ஓர் உலர்ந்த சத்தம். க்ளக். சுருதி ஒரு படி கீழே. க்ளக். இன்னொரு படி.

வேலி கட்டுகிற ஊர் அது. அந்தச் சத்தம் என்னவென்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. யாரோ இறுக்குச் சக்கரத்தை ஒவ்வொரு பல்லாகத் தளர்த்திக்கொண்டிருந்தார்கள். கிழக்குக் கம்பத்தில். நின்று, நிதானமாக.

அம்மா மண்டபத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். ஒவ்வொரு முகமாக. அந்த வேலியைத் தொடக்கூடிய எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். பக்கத்துப் பண்ணைக்காரர்கூட வாயில் ஸ்கோனோடு நின்றிருந்தார்.

கைப்பையிலிருந்து கார் சாவியை எடுத்தாள். குழுவினரில் இரண்டு பேர் முன்னால் வந்தார்கள்.

"யாரும் வரவேணாம்," என்றாள். "இது எங்க வேலி. இல்சே, வா."

டாரில் சுவரைவிட்டு விலகினான். நான் ஓட்டுகிறேன் என்று சொல்ல நினைத்தான். அம்மா அவன் பக்கம் திரும்பவில்லை. விரல் முட்டியால் மேசையை ஒரு முறை தட்டினாள். ஒரே முறை.

அவன் நின்றான்.

அவர்கள் போன பிறகும் ஒருவரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை. நாற்காலியில் உட்காரவும் இல்லை. கம்பத்துக்குப் பன்னிரண்டு நிமிடப் பயணம். நோலா கையில் தேநீர்க் கெண்டி இருந்தது. அவள் ஊற்ற மறந்திருந்தாள். பெட்டியை அணைத்துவிடலாமா என்று குழுவில் ஒருவன் டாரிலிடம் கிசுகிசுத்தான். வேண்டாம் என்று டாரில் தலையாட்டினான்.

க்ளக். க்ளக். சுருதி இனி இறங்க இடமில்லாத அளவுக்கு இறங்கியது. அதன்பின் அது சுருதியே இல்லை. தொங்கும் கம்பி கம்பத்தில் உரசும் சத்தம்.

பிறகு ஓர் எஞ்சினின் உறுமல், மண்வழியாகக் கம்பத்தில் ஏறி, பெட்டிக்குள் வந்தது. நின்றது. கார்க் கதவு சாத்தும் சத்தம். இன்னொரு கதவு. அம்மா, இல்சே.

க்ளக் நின்றுவிட்டது.

பேச்சுக்குரல் எதுவும் கேட்கவில்லை. அந்த மைக்குக்குக் குரல் எட்டாது. உரசல் மட்டும். அதுவும் நின்றது, யாரோ கம்பியைக் கையில் பிடித்ததுபோல.

டாரில் ஒலிபெருக்கிக்கு அருகே போய்க் குனிந்தான். நெற்றி அதில் முட்டியது. எவ்வளவு நேரம் அப்படி நின்றான் என்று பிறகு அவனால் சொல்ல முடியவில்லை. பின்னால் யாரோ ஜெபம் சொல்லத் தொடங்கி, பாதியில் விட்டார்கள்.

கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. திரும்பி வருகிறார்கள். இரண்டாவது கதவும் சாத்தப்பட்டது.

டாரில் மூச்சை விட்டான்.

மூன்றாவது கதவு, பின்னிருக்கையின் கதவு, மெதுவாகச் சாத்தப்பட்டது. எஞ்சின் கிளம்பியது.